மலாயும் காசி மொழியும் சொந்தமா?

கேள்வி இதுதான்: மலாயில் கண்ணுக்கு ‘மத்தா’ என்கிறார்கள், மேகாலயாவின் காசி மொழியில் ‘க்மத்’ என்கிறார்கள். இரண்டிலும் எழுவாய்க்கு அடுத்ததாக வினையும் அதற்குப் பிறகு செயப்படுபொருளும் வருகின்றன, இரண்டிலும் சொல்லுக்கு முன்னால் ஒட்டுச் சேர்த்துப் புதுச் சொல் உண்டாக்குகிறார்கள். அப்படியானால் இரண்டும் ஒரே குடும்பமா?

நிரூபிக்கப்பட்ட உறவு எதுவும் இல்லை. மலாய் ஆஸ்திரனேசியக் குடும்பம், காசி ஆஸ்திரோஆசியக் குடும்பம். இரண்டு பெயரும் ஒன்றுபோல ஒலிப்பதால் பாதிப் பேர் இங்கேயே குழம்பிவிடுகிறார்கள். இரண்டிலும் இருப்பது ‘தெற்கு’ என்ற பொருள் கொண்ட லத்தீன் வேர், அவ்வளவுதான். ஆனால் மலேசியாவுக்குள்ளேயே காசிக்கு உண்மையான சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், மலாய்க்கு அவர்கள் பக்கத்து வீடு மட்டுமே. இந்தக் கேள்வியில் எனக்குப் பிடித்த பகுதி அதுதான், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

(காசி என்றதும் வாரணாசி நினைவுக்கு வந்தால் அது தமிழ் எழுத்தின் கைங்கரியம். காசி மக்கள் தங்கள் பெயரை மூச்சு கலந்த ககரத்தோடு சொல்வார்கள், நம்மிடம் அதற்குத் தனி எழுத்து இல்லை.)

மலேசியத் தீபகற்பத்தின் உள்நாட்டு மலைக்காடுகளிலும் சில கடலோரங்களிலும் ஒராங் அஸ்லி என்று அழைக்கப்படும் பழங்குடிகள் வாழ்கிறார்கள். அவர்களில் செமாய், தெமியார், ஜஹாய், மா மெரி போன்றவர்கள் பேசுவது மலாய் வகை மொழிகள் அல்ல, அஸ்லியன் என்ற கிளை. அது ஆஸ்திரோஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தது. கம்போடியாவின் கெமர், பர்மாவின் மோன், வியட்நாமியம், ஜார்க்கண்ட் பக்கத்துச் சந்தாலி, முண்டாரி, நிக்கோபார் தீவு மொழிகள் எல்லாம் இதே குடும்பம்தான். இப்போது சொற்களைப் பாருங்கள். காசியில் கண் ‘க்மத்’, மூக்கு ‘க்முத்’, மீன் ‘கா’, நாய் ‘க்ஸெவ்’. செமாயில் கண் ‘மத்’, மூக்கு ‘மூஹ்’, மீன் ‘கா’, நாய் ‘சோ’ (கடைசி இரண்டும் தொண்டையை வெட்டி நிறுத்துவது போல முடியும்). மலாயில் இதே வரிசை மத்தா, ஹிடுங், ஈக்கான், அஞ்சிங். ஷில்லாங்குக்கும் செமாய்கள் வாழும் பேராக் மலைக்கும் நடுவில் எத்தனை தூரம் என்று வரைபடத்தில் பார்த்துவிட்டு இதைப் படித்தால் கொஞ்சம் மலைப்பாகத்தான் இருக்கும்.

ஒலி ஒத்துப்போவது மட்டும் போதாது, அது சீராக ஒத்துப்போக வேண்டும் என்பதுதான் மொழியியலில் முதல் பாடம். அஸ்லியன் மொழிகளில் சொல்லின் தொடக்கத்தில் வல்லின ‘ச்’ வரும் இடத்தில் காசியில் ‘ஸ்’ வருகிறது. நாய்: செமாய் ‘சோ’, காசி ‘க்ஸெவ்’. பறவை: செமாய் ‘சேப்’, காசி ‘ஸிம்’. பேன்: அந்தப் பக்கம் ‘செ’, காசியில் ‘க்ஸி’. உடலுறுப்பு, விலங்குப் பெயர்களில் பலவற்றுக்கு முன்னால் காசி ஒரு ககரத்தை ஒட்டிக்கொண்டிருப்பதையும் கவனிக்கலாம், கை என்பதும் ‘க்தி’ (சந்தாலியில் வெறும் ‘தி’). இப்படி ஒரு விதியாகச் சொல்ல முடிந்தால்தான் உறவு. மலாயில் பறவை ‘பூரோங்’, பேன் ‘கூத்து’. இவற்றைக் காசியோடு இணைக்க எந்த விதியும் கிடைக்காது.

அப்படியானால் மத்தா–க்மத்? ஒரே ஒரு சொல்லை வைத்துக் குடும்பம் கட்ட முடியாது. மலாயில் இரண்டு ‘டுவா’, சமஸ்கிருதத்தில் ‘த்வ’, இதைப் பார்த்துவிட்டு மலாய்க்காரர்கள் இரண்டு என்ற எண்ணை இந்தியாவிலிருந்து வாங்கினார்கள் என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் டுவாவின் மூலத்தைத் தைவானின் பழங்குடி மொழிகள் வரை பின்தொடர முடிகிறது, சமஸ்கிருதத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. காசியில் இரண்டு ‘ஆர்’ என்பதற்காக நம் ‘ஆறு’ அங்கே போய் இரண்டாகக் குறைந்துவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டோம் இல்லையா? எண்களையே மொத்தமாக எடுத்துக்கொண்டால் விஷயம் தெளிவாகிவிடும். மலாய்: சத்து, டுவா, தீகா, எம்பாட், லீமா. காசி: வெய், ஆர், லாய், சாவ், ஸான். ஒன்றுகூடப் பொருந்தவில்லை. அதே மலாய் லீமா பிலிப்பைன்ஸின் தகாலோக்கில் லீமா, ஹவாயில் லீமா, நியூசிலாந்து மாவோரியில் ரீமா, ஆப்பிரிக்காவை ஒட்டிய மடகாஸ்கரில் டீமி. மலாயின் சொந்தங்கள் கடல்வழியாக அத்தனை தூரம் பரவிப் போனார்கள். காசியின் சொந்தங்கள் நிக்கோபார்க்காரர்கள் நீங்கலாகப் பெரும்பாலும் நிலத்திலும் மலையிலுமாகச் சிதறி நின்றுவிட்டார்கள்.

இவ்வளவு சொன்னாலும், இரண்டு குடும்பங்களும் மிகப் பழைய காலத்தில் ஒன்றாக இருந்திருக்கலாம் என்று அறிஞர்களே சொல்லியிருக்கிறார்கள், அதனால் உங்கள் கேள்வியை முட்டாள்தனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இதில் ஒரு சுவாரசியமான ஆள் ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன். பினாங்கில் வழக்கறிஞராக இருந்துகொண்டு மலாய்த் தீவுகளைப் பற்றி ஓர் ஆய்விதழ் நடத்தியவர். 1850களில் அவர்தான் காசி மொழிக்கு மோன், கெமர் வகை மொழிகளோடு உறவு இருக்கிறது என்று காட்டினார். மலாய் உலகின் நடுவில் உட்கார்ந்திருந்தவர் காசியின் வேரைச் சரியாகக் கண்டுபிடித்தார், அதுவும் மலாய்ப் பக்கம் சாய்க்காமல். பிறகு வில்ஹெல்ம் ஷ்மிட் வருகிறார், ஜெர்மனியில் பிறந்து ஆஸ்திரியாவில் பணியாற்றிய கத்தோலிக்கப் பாதிரியார். 1904இல் காசியின் ஒலியியலைப் பற்றி எழுதினார், 1906இல் ஒரு படி மேலே போய் ஆஸ்திரோஆசியமும் ஆஸ்திரனேசியமும் சேர்ந்து ‘ஆஸ்ட்ரிக்’ என்ற ஒரே பெருங்குடும்பம் என்றார்.

ஷ்மிட்டின் கருத்துக்கு இன்றுவரை மிச்சமிருக்கும் வலு சொற்களில் இல்லை, ஒட்டுகளில்தான் இருக்கிறது. காசியில் ‘திப்’ என்றால் அறி, ‘பன்திப்’ என்றால் அறிவி. ‘யாப்’ என்றால் இற, ‘பன்யாப்’ என்றால் கொல். செய்யவைக்கும் பொருளுக்கு முன்னால் ஒரு பகரம். தகாலோக்கில் ‘காயின்’ சாப்பிடு, ‘பகாயின்’ ஊட்டு, அங்கேயும் பகரம். சொல்லின் நடுவில் செருகும் இடையொட்டு இரண்டு குடும்பத்திலும் உண்டு. மலாயில் ‘துஞ்சுக்’ சுட்டிக்காட்டு, ‘தெலுஞ்சுக்’ ஆள்காட்டி விரல். கெமரில் ‘டாஉ’ நட, ‘டம்னாஉ’ பயணம். 1990களில் லாரன்ஸ் ரீட் என்ற அறிஞர் நிக்கோபார் மொழியையும் சேர்த்து இவற்றை விரிவாகத் தொகுத்தார். ஆனால் அடிப்படைச் சொற்களில் போதுமான சீரான பொருத்தம் கிடைக்காததால் பெரும்பாலானோர் இன்னும் ஏற்கவில்லை, ரீட்டே பின்னாளில் தயக்கத்தோடுதான் பேசினார். எனக்கும் அந்தத் தயக்கம் உண்டு. ஒட்டுகள் ஒற்றை மெய்யெழுத்து அளவுக்குச் சின்னவை, அவ்வளவு சின்ன விஷயம் தற்செயலாகவும் ஒத்துப்போகும். அதோடு இரண்டு குடும்பமும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தென்கிழக்காசியாவில் அருகருகே இருந்தவை. மலாயில் நண்டு ‘கெத்தாம்’, காசியில் ‘தாம்’, கெமரில் ‘க்டாம்’. இது மோன்-கெமர் பக்கத்திலிருந்து மலாய் கடன் வாங்கிய சொல் என்று கருதுபவர்கள் உண்டு, அதாவது நீங்கள் உறவு என்று நினைப்பது கொடுக்கல் வாங்கலாகவும் இருக்கலாம்.

சரி, குடும்ப விவகாரத்தை விட்டுவிட்டு மொழிகளை அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் நிறையவே ஒத்துப்போகின்றன. தமிழில் வேற்றுமை உருபு பின்னால் வரும், ‘வீட்டில்’. மலாயில் ‘டி ரூமா’, காசியில் ‘ஹா யிங்’, இரண்டிலும் ‘இல்’ முன்னால் போய்விடுகிறது. எண்ணும்போது வெறும் எண் போதாது, எண்ணப்படுவது எந்த வகை என்று காட்டும் ஒரு சொல்லும் கூடவே வேண்டும். மலாயில் இரண்டு பூனை ‘டுவா எக்கோர் குச்சிங்’, அந்த எக்கோருக்குப் பொருள் வால். மனிதர்களுக்கு ‘ஒராங்’. காசியில் மனிதர்களுக்கு ‘ஙுத்’, மற்றதற்கெல்லாம் ‘தில்லி’. மலாயில் இந்தப் பட்டியல் நீளம்: நீளமானதற்கு ஒன்று, உருண்டைக்கு ஒன்று, தட்டையானதற்கு ஒன்று. காசி இரண்டோடு ஏறக்குறைய முடித்துவிடுகிறது, படிப்பவனுக்குப் புண்ணியம்.

நெல் விளைவிக்கும் நாடுகள் என்பதால் வரும் ஒற்றுமை ஒன்றும் உண்டு. நமக்கு நெல், அரிசி, சோறு. மலாயில் பாடி, பெராஸ், நாசி. காசியில் க்பா, காவ், ஜா. மூன்று மொழியிலும் மூன்று தனித்தனிச் சொல், ஒன்றோடொன்று ஒலியில் சம்பந்தமே இல்லை.

வினைச்சொல் கட்டும் விதத்தில் இரண்டும் பிரிகின்றன. மலாயில் ‘துலிஸ்’ எழுது என்ற வேர் ‘மெனுலிஸ்’ ஆகும்போது தகரம் காணாமல் போய் நகரம் வந்து உட்காரும், ‘புக்குல்’ அடி என்பது ‘மெமுக்குல்’ ஆகும், செயப்பாட்டுக்கு ‘டித்துலிஸ்’, எழுத்தாளர் ‘பெனுலிஸ்’, எழுதியது ‘துலிசான்’. முன்னொட்டும் உண்டு பின்னொட்டும் உண்டு, இரண்டு பக்கமும் சேர்த்துக் கவ்வும் ஒட்டும் உண்டு. காசியில் பின்னொட்டு என்பதே கிட்டத்தட்ட இல்லை, எல்லாம் முன்னால்தான், வேரும் உருமாறாது. ‘ஹிகாய்’ கற்பி, ‘நொங்ஹிகாய்’ ஆசிரியர், ‘ஜிங்ஹிகாய்’ போதனை. நொங் போட்டால் செய்பவர், ஜிங் போட்டால் செயல் அல்லது அதன் பலன். காசி செய்தித்தாளைக் கையில் எடுத்தால் வரிக்கு வரி ஜிங் கண்ணில் படும்.

ஆனால் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மிகப் பெரிய வித்தியாசம் பால். மலாய்க்குப் பாலைப் பற்றிக் கவலையே இல்லை. அவன், அவள், அவர் எல்லாவற்றுக்கும் ‘டியா’ ஒன்றுதான். காசியோ ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கு முன்னாலும் பால் காட்டும் சின்னச் சொல்லை நிறுத்துகிறது: ஆண் ‘உ’, பெண் ‘கா’, பன்மை ‘கி’, செல்லமாகவோ மரியாதையாகவோ சொன்னால் ‘இ’. அம்மா ‘இ மெய்’. இது பெயரோடு நின்றால் பரவாயில்லை, வினைக்கு முன்னாலும் திரும்ப வரும். ‘உ கன்னா உ பாம் ஜா’, பையன் சோறு சாப்பிடுகிறான். ‘கா கன்னா கா பாம் ஜா’, சிறுமி சாப்பிடுகிறாள். ‘கன்னா’ என்பது பொதுவாகக் குழந்தை, பையனா பெண்ணா என்பதை உவும் காவும்தான் சொல்கின்றன. நாம் ‘சாப்பிடுகிறான்’ என்று வினையின் வாலில் வைப்பதை அவர்கள் வினையின் தலையில் வைக்கிறார்கள், அதனால் ஒரு தமிழருக்கு இந்த விஷயத்தில் மலாயைவிடக் காசி மனத்துக்கு நெருக்கமாகப் படலாம். உயிரற்ற பொருளுக்கும் பால் உண்டு என்பதுதான் சிக்கல். சூரியன் ‘கா ஸ்ஙி’, பெண். நிலா ‘உ ப்னாய்’, ஆண். இருவரும் அக்கா தம்பி என்றும், தம்பி தகாத ஆசை கொண்டதால் அக்கா முகத்தில் சாம்பலை வீசினாள், அந்தக் கறைதான் நிலாவில் தெரிகிறது என்றும் காசிகளிடம் கதை இருக்கிறது. மரம் ‘உ’, நீர் ‘கா’, இதற்கெல்லாம் காரணம் தேடாமல் மனப்பாடம் செய்வதே வழி.

முன்னிலையிலும் விடுவதில்லை. ஆணைப் பார்த்து ‘மே’, பெண்ணைப் பார்த்து ‘பா’, மரியாதைக்கும் பன்மைக்கும் ‘பி’. நம்முடைய டா, டி ஞாபகத்துக்கு வரலாம். இன்னொன்று, மேகாலயாவின் விடுதலை வீரர்கள் யு திரோத் சிங், யு கியாங் நங்பா என்று நம் பொது அறிவுப் புத்தகங்களில் படித்திருப்பீர்கள். அந்த ‘யு’ அப்பா பெயரின் முதலெழுத்து அல்ல, மேலே சொன்ன ஆண்பால் ‘உ’வேதான்.

மலாய் நமக்கு நெருக்கமாகத் தெரியும் இடங்கள் வேறு. ‘காமி’ என்றால் நாங்கள், ‘கீத்தா’ என்றால் நாம். கேட்பவரைச் சேர்த்தும் சேர்க்காமலும் பிரிக்கும் இந்த வழக்கம் காசியில் இல்லை, அங்கே இரண்டுக்கும் ‘ஙி’ ஒன்றுதான். அதேபோல் மலாயில் வினையை மறுக்க ‘தீடாக்’, பெயரை மறுக்க ‘புக்கான்’. எழுத்துத் தமிழின் இல்லை, அல்ல போலத்தான். காசியில் மறுப்பு ஒற்றை மகரமாகச் சுருங்கிவிடுகிறது: ‘ஙா’ நான், ‘ஙாம் திப்’ எனக்குத் தெரியாது. இந்த ‘ஙாம் திப்’பை முதலில் கற்றுக்கொள்ளுங்கள், அதிகம் பயன்படுவது அதுதான்.

ஒலிப்பு என்று வந்தால் மலாய் நம் நாவுக்கு எளிது. பெரும்பாலான வேர்ச்சொற்கள் ஈரசை: ரூ-மா, மா-க்கான், பா-து. சொல்லின் முதலில் இரண்டு மெய்கள் சேர்ந்து வருவது சொந்தச் சொற்களில் கிடையாது, நம்மிடமும் கிடையாது. காசியில் அதுதான் அன்றாடம்: க்ஸெவ், ப்னாய், ம்லு (உப்பு), க்தியென் (பேச்சு, மொழி). சில சொற்களில் முன்னால் ஓர் அரை அசை மட்டும் ஒலித்து மறையும், கெமரிலும் இதே பழக்கம் உண்டு. தமிழில் எழுதிக் காட்டினால் புள்ளிக்கு மேல் புள்ளியாகத் தெரிகிறது, மன்னிக்கவும்.

எழுத்து இரண்டுக்கும் இன்று ரோமன்தான், ஆனால் வந்த வழி வேறு. மலாயின் மிகப் பழைய கல்வெட்டுகளில் ஒன்றான கெடுக்கான் புக்கிட் (பாலெம்பாங் அருகே, கி.பி. 683) பல்லவ எழுத்தில் இருக்கிறது, பிறகு அரபு வழி வந்த ஜாவி, அப்புறம் ஆங்கிலேயரும் டச்சுக்காரர்களும் தனித்தனியாக வகுத்த ரோமன் எழுத்து, கடைசியில் 1972இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் எழுத்துமுறையை ஒன்றாக்கிக்கொண்டன. காசிக்குச் செராம்பூர் மிஷனரிகள் முதலில் வங்க எழுத்தைப் போட்டுப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. 1841இல் சோரா என்கிற சிரபுஞ்சிக்கு வந்த தாமஸ் ஜோன்ஸ் வேல்ஸ்காரர், தன் தாய்மொழியின் பழக்கத்தில் ரோமன் எழுத்தை அமைத்தார். அதனால்தான் காசியில் ‘ஒய்’ எழுத்து மங்கலான உயிரைக் குறிக்கிறது. அகரவரிசையில் ‘சி’ இல்லை, அதன் இடத்தில் ‘கே’ இருக்கிறது: ஏ, பி, கே, டி. அவர் எடுத்துக்கொண்ட சோரா வழக்கே பின்னர் பொது எழுத்து மொழியானது.

கடன் சொற்களிலும் இரண்டின் உலகமும் வேறு. மலாயில் கப்பல் ‘காபால்’, கடை ‘கெடாய்’, குளம் ‘கோலாம்’, கோயில் ‘குயில்’, கழுதை ‘கெல்டாய்’. நம் ஆட்கள் கடல் கடந்து வணிகம் செய்த தடயம் அப்படியே இருக்கிறது. காசியில் இப்படித் தேடி ஏமாற வேண்டாம், அங்கே வந்தது வங்காளம், அசாமி, இந்தி, ஆங்கிலம். அரசாங்கம் ‘சோர்கார்’, பள்ளி ‘ஸ்கூல்’. இருவருக்கும் பொதுவான ஒரு கடன் உண்டு: சமஸ்கிருத ‘ப்ருத்வி’ காசியில் ‘பர்தெய்’ ஆகி உலகத்தைக் குறிக்கிறது, மலாயில் ‘இபு பெர்த்திவி’ என்று தாய்நாட்டைக் குறிக்கிறது. இதைப் பார்த்து உறவு என்று கிளம்பிவிடாதீர்கள்.

தாய்வழிச் சமூகம் பற்றியும் இந்த இடத்தில் யாராவது கேட்பார்கள். காசிகளில் குலம் தாய்வழி, குடும்பச் சொத்தும் பொறுப்பும் ‘கத்து’ எனப்படும் கடைசி மகளுக்கு. மலாய் உலகிலும் சுமத்ராவின் மினங்காபாவு மக்களும் அவர்கள் குடியேறிய நெகிரி செம்பிலானும் தாய்வழிதான். ஆனால் மற்ற மலாய்க்காரர்களிடம் அந்த வழக்கம் இல்லை, காசியின் மொழிச் சொந்தங்களான சந்தால்களும் தந்தைவழி, ஆக மொழியையும் வாரிசு முறையையும் முடிச்சுப் போட வழியில்லை.

எதைக் கற்பது என்று கேட்டால், பாடப்புத்தகம், செயலி, அகராதி, பேச ஆள் எல்லாம் தாராளமாகக் கிடைப்பது மலாய்தான். இந்தோனேசியத்தையும் சேர்த்தால் இருபது கோடிக்கு மேல் மக்கள். காசி பேசுவோர் 2011 கணக்கெடுப்பில் சுமார் 14 லட்சம், மேகாலயாவில் 2005இல் இணை ஆட்சிமொழி ஆனது, எட்டாவது அட்டவணையில் இன்னும் இடமில்லை. கற்பவர்கள் எழுத்தை மட்டும் நம்பக் கூடாது: உயிரின் குறில் நெடில் வேறுபாட்டை எழுத்து காட்டாது, சொல்லின் கடைசியில் வரும் ‘ஹெச்’ பெருமூச்சு அல்ல, தொண்டையை வெட்டி நிறுத்தும் ஒலி. மலாயில் அதே ஒலியைச் சொல்லின் கடைசி ‘கே’ குறிக்கிறது, ‘அனாக்’ என்று எழுதியிருந்தாலும் கடைசி ககரம் முழுதாக வெளியே வராது. ஒப்பிட்டுப் பார்க்கத்தான் ஆசை என்றால் காசியை முதலில் பக்கத்து ப்னார், வார் மொழிகளோடு வைத்துப் பாருங்கள், பிறகு பர்மாவின் பலாங், வா, அதற்கும் பிறகு செமாய்.